பகைக்குப் பின் கூட்டுறவு

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கூட்டுறவின் பயன்களைப் பேசும்போது கடன், விதை, உரம், விற்பனை ஆகியவற்றோடு நாம் நின்றுவிடுகிறோம். போரினால் பிளவுண்ட மக்களை மீண்டும் அருகருகே நிறுத்தும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஐரோப்பாவில் பாஸ்னியா நாட்டில் இதற்கு ஒரு சான்று கிடைக்கிறது.

அந்நாட்டின் கிழக்கு எல்லையில் டிரினா நதி ஓடுகிறது. அக்கரை செர்பியா, இக்கரையில் பிராதுனாட்ஸ் என்னும் சிறு நகரம். முஸ்லிம்களான பாஸ்னியாக்களும், கிறிஸ்தவர்களான செர்பியரும் அங்கு அண்டை அயலாராக வாழ்ந்தனர். பேசும் மொழியும் ஏறத்தாழ ஒன்றே. 1992 முதல் 1995 வரை நடந்த போர் இவ்வாழ்வைச் சிதைத்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 1,00,000 பேர் மாண்டனர். பிராதுனாட்ஸ் முஸ்லிம்கள் 1992-இல் துரத்தப்பட்டனர். சுற்றுப்புறச் செர்பியக் கிராமங்களும் தாக்குதலுக்கு ஆளாயின. 1995 ஜூலையில், அருகிலுள்ள ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆடவரும் சிறுவரும் பாஸ்னிய செர்பியப் படையினரால் கொல்லப்பட்டனர். அது இனப்படுகொலையே என்று சர்வதேச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது.

1995-ஆம் ஆண்டின் இறுதியில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆனால், தலைநகரில் இடும் கையெழுத்து வரப்புவரை தானாக வந்து சேர்வதில்லை. ஊர் திரும்பிய பெண்கள் பலர் கணவரை இழந்தவர்கள். பாழடைந்த வீடும் புதர் மண்டிய நிலமுமே அவர்களுக்கு எஞ்சியிருந்தன. பக்கத்து நிலத்துச் செர்பியப் பெண்களிலும் விதவைகள் இருந்தனர்.

இந்நிலையில் 2003-ஆம் ஆண்டு இரு சமூகத்துப் பெண்களும் சேர்ந்த ஒரு கூட்டுறவுச் சங்கம் அங்குத் தோன்றியது. அதன் பெயர் 'இன்சியேமே'. இத்தாலிய மொழியில் 'ஒன்றாக' என்பது அதன் பொருள். அவர்கள் தேர்ந்தெடுத்த பயிர் ராஸ்பெரி என்னும் சிவந்த சிறு பழம். அது முன்னரே அம்மண்ணுக்குப் பழகிய பயிர். சிறு நிலத்திலும் விளையும். குடும்பத்தாரே கையால் பறிக்கலாம். ஆனால், பறித்த பழம் விரைவில் கெட்டுவிடும். உடனே குளிரூட்டி உறையவைக்க வேண்டும், அல்லது பழப்பாகாக்க வேண்டும். குளிர்பதனக் கிடங்கைச் சிறு விவசாயி ஒருவர் தனித்து அமைக்க இயலாது. ஆகவே, நிலம் அவரவருடையதாகவும், பழத்தைப் பதப்படுத்துவதும் விற்பதும் பொதுவாகவும் அமைந்தன.

இதன் நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். "பழையதை மறந்துவிடுங்கள்" என்று துயருற்றோரிடம் சொல்வது எளிது, அது நியாயமன்று. குற்றத்தை விசாரிப்பது நீதிமன்றத்தின் கடமை. அப்பணியைக் கூட்டுறவுச் சங்கம் ஏற்க முடியாது. அது செய்யக்கூடியது வேறு. இரு தரப்பாரும் சந்திப்பதற்கு ஓர் அவசியத்தையும், ஒருவர் நஷ்டம் மற்றவரையும் தாக்கும் நிலையையும் அது உண்டாக்குகிறது. நம்பிக்கை வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருந்தால் இரண்டுமே வாரா. வேலை தொடங்கினால் நம்பிக்கை பின்தொடரக் கூடும்.

நம் ஊர்களின் சச்சரவுகளை அப்பெருந்துயரோடு ஒப்பிடுவது தகாது. ஆயினும், ஏரி மதகைப் பற்றியும் மயானப் பாதையைப் பற்றியும் மனம் முறிந்து நிற்கும் ஊர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. அங்கெல்லாம் சமாதானக் கூட்டம் ஒன்றை நடத்திக் கலைந்துவிட்டால் போதாது. பால் சேகரிப்பு, வாய்க்கால் தூர்வாருதல், நெல் களம் என இரு தரப்பாருக்கும் தேவையான ஒரு பணியைக் கண்டறிய வேண்டும். கணக்கு ஒளிவுமறைவின்றி இருத்தல் வேண்டும். எடையும் விலையும் எல்லோருக்கும் ஒன்றாதல் வேண்டும். நிர்வாகக் குழுவில் இரு தரப்புப் பெண்களும் அமர்தல் வேண்டும். தராசில் பாரபட்சம் நுழைந்தால் பழைய பகை புதுக் காரணத்தோடு திரும்பிவிடும்.

முறிந்த உறவை ஒரு நாளில் ஒட்டவைக்க எந்த அதிகாரியாலும் இயலாது. முதல் பணியைத் தொடங்கிவைக்க ஒரு பஞ்சாயத்தால் இயலும். அத்தொடக்கத்தைச் செய்யுமாறு உங்களை வேண்டி அமைகிறோம்.