அரசாணிக்காயும் நாம வீசுற விதையும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

சத்துணவு பத்தி அஞ்சு நிமிஷம் பேசச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. அதனால நம்ம குப்பைமேட்டுல தானா முளைச்சுக் காய்க்கிற அரசாணிக்காயைப் பத்தியே சொல்றேன். சில ஊர்ல பரங்கிக்காய்ம்பாங்க, மஞ்சள் பூசணிம்பாங்க. திருஷ்டிக்கு உடைக்கிற வெள்ளைப் பூசணி இல்லைங்க.

அரசாணிக்காய்னா நமக்குப் பொங்கலுக்கு ஒரு பொரியல். மத்த நாள்ல மாட்டுக்கு வெட்டிப் போட்டுடறோம். ஆனா அந்த மஞ்சள் நிறம் இருக்குதே, அதுதான் சத்து. உடம்புக்குள்ள போய் அது வைட்டமின் ஏ ஆகுது. குழந்தைகளுக்கு மாலைக்கண் வராம இருக்க அதுதான் வேணும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா அங்கன்வாடியில குழந்தைக்கு ஊத்துறாங்களே, அந்த மருந்தும் வைட்டமின் ஏ தான். மருந்தையும் ஊத்தோணும், காயையும் குடுக்கோணும். வெறும் தண்ணியில வேகவச்சா பத்தாது, கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப்பூவோ சேர்ந்தாத்தான் அந்தச் சத்து உடம்புல சேரும். நல்லா முத்தின காயைக் காம்போட அறுத்து, காத்தோட்டமா வச்சா ரெண்டு மூணு மாசம் கெடாது.

இப்ப விதைக்கு வர்றேன். காயை வெட்டினதும் விதையை நாரோட வழிச்சுக் குப்பைக்குழியில போடறோம். அதே விதையைத்தான் டவுன் கடையில தோல் நீக்கிப் பாக்கெட் போட்டு, கால் கிலோ நூறு ரூபாய்க்கு மேல விக்கிறாங்க. அந்தப் பருப்பு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் தின்னா, 8, 9 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையில 6 கிராம்தான். மக்னீசியம், துத்தநாகம், இரும்புச்சத்தும் இருக்கு.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. இந்தப் பந்தல்ல அந்தப் பாதி யாருன்னு நமக்கே தெரியாது. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது, தலை சுத்துது. வேலை அசதின்னு சொல்லிக்கிறோம். வீட்டுல எல்லாரும் சாப்பிட்டுச் சட்டியில ஒட்டியிருக்கறது நமக்கு. எங்க குழுவுல இந்த விதையைக் காயவச்சு விக்கலாம்னு பேச்சு வந்துது. விக்க வேண்டாம்னு நான் சொல்லலை. முதல்ல நாம தின்போம், மிச்சத்தை விப்போம்னு சொன்னேன். ரெண்டு அக்காங்களுக்கு இன்னும் என்மேல வருத்தம்தான். ஆனா பாலையெல்லாம் சொசைட்டிக்கு ஊத்திட்டு நாம வரக்காப்பி குடிக்கிறோமே, அந்தக் கதை இதுலயும் ஆயிடக் கூடாதுங்க.

செல்போன்ல வர்ற மாதிரி, இதைத் தின்னா ரத்தம் ஊறிடும், சர்க்கரை நோய் ஓடிடும்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு கைப்பிடிப் பருப்புல இரும்புச்சத்து 2, 3 மில்லிகிராம்தான். நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29. அதனால கீரை, பயறும் சேர்த்துக்கோணும், நர்ஸம்மா குடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தவே கூடாது. சோறு தின்ன கையோட டீ குடிக்காதீங்க, அது இரும்புச்சத்தைச் சேர விடாது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா நல்லாச் சேரும். சர்க்கரை உள்ளவங்க காயைப் பொரியலா அளவாச் சாப்பிடலாம். வெல்லம் போட்டு அல்வா கிண்டிட்டு அரசாணி உடம்புக்கு நல்லதுன்னு சொல்லக் கூடாது.

பக்குவம் சுலபம். விதையை நார் போகப் பிசைஞ்சு கழுவி, ரெண்டு மூணு நாள் வெயில்ல காயவச்சு, வெறும் வாணலியில சின்னத் தீயில வறுக்கோணும். படபடன்னு வெடிக்கும். தோல் உரிக்க எனக்குப் பொறுமை கிடையாது. வரமிளகாய், பூண்டு, உப்பு போட்டுத் தோலோடவே மிக்ஸியில பொடி பண்ணிடுவேன். சுடுசோத்துல போட்டு நல்லெண்ணெய் ஊத்திப் பிசைஞ்சா வேற குழம்பே வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்குப் பொடியாத்தான் குடுக்கோணும், முழு விதை தொண்டையில அடைச்சுக்கும். நடவுக்குன்னு மருந்து தடவி வர்ற பாக்கெட் விதையைத் தின்னவே கூடாது. காய் கசந்தா விதையோட எல்லாத்தையும் கொட்டிடுங்க.

எங்க குப்பைமேட்டுக் காயோட விதை ஒரு முறம் கொண்டாந்து மேடைக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். ஆடிப் பட்டத்துக்குப் போட ஆளுக்கு நாலு எடுத்துக்கோங்க.