பாட்டு போனது, பேஸ் வந்தது
(மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் பேசியது)

ஜாஸ் என்றதும் யாரும் எழுந்து போய்விட வேண்டாம். நான் சொல்லப்போவது சார்லி ஹேடன் என்ற ஒரு மனிதரின் கதை.

1937 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஷெனன்டோவா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லோரும் வானொலியில் நாட்டுப்புறப் பாடல்கள் பாடும் குடும்பம். சார்லி இரண்டு வயதிலேயே மைக் முன்னால் நின்றுவிட்டார்.

பதினைந்து வயதில் போலியோ. நம் வயதுக்காரர்களுக்கு இளம்பிள்ளை வாதம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தடுப்பூசி வந்தது 1955இல்தான். இவரைத் தாக்கியது காலை அல்ல, தொண்டையையும் முகத் தசைகளையும். உயிர் பிழைத்தார். ஆனால் பாட்டு போய்விட்டது.

வீட்டில் அண்ணன் வாசிக்கும் டபுள் பேஸ் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், நான்கு நரம்புள்ள வாத்தியம். அதைப் பிடித்துக்கொண்டார். பேஸ் வாசிப்பவரைக் கூட்டத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். எங்கள் வங்கியில் டே புக் எழுதுபவர் மாதிரி. வாடிக்கையாளருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. ஆனால் அவர் வராத நாளில் கணக்கு டேலி ஆகாது.

1957இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். அங்கே ஆர்னெட் கோல்மன் என்ற சாக்ஸபோன் கலைஞரைச் சந்தித்தார். ஜாஸில் வழக்கமான சுரக்கூட்டு வரிசையை விட்டுவிட்டு, கற்பனை போன போக்கில் வாசிப்பவர் கோல்மன். அப்படிப்பட்டவர் அடுத்து எங்கே திரும்புவார் என்று காதாலேயே கண்டுபிடித்துத் தாங்க வேண்டும். ஹேடன் தாங்கினார். 1959இல் நியூயார்க்கில் இவர்கள் வாசித்தபோது ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையே போட்டார்கள்.

நடுவில் ஹெராயின் பழக்கம், சிகிச்சை, மீட்சி எல்லாம் உண்டு.

1971இல் போர்ச்சுகலில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே சர்வாதிகார ஆட்சி. அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ் மூன்றும் அதன் பிடியில் போராடிக்கொண்டிருந்த காலனிகள். காஷ்காய்ஷ் ஊர் விழா மேடையில் ஹேடன் தன் பாடலை அந்த விடுதலைப் போராளிகளுக்குச் சமர்ப்பிப்பதாக அறிவித்தார். மறுநாள் லிஸ்பன் விமான நிலையத்தில் ரகசியப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அமெரிக்கத் தூதரகம் தலையிட்டுத்தான் விடுவித்தார்கள். விருந்தாளியாகப் போன இடத்தில் இது தேவையா என்று சிலர் கேட்கலாம். எனக்கு அந்தத் துணிச்சல் இருந்திருக்காது. அவருக்கு இருந்தது. 1974இல் அந்த ஆட்சியே கவிழ்ந்தது.

பின்னாளில் கலிபோர்னியாவில் ஒரு கலைக் கல்லூரியில் 1982 முதல் ஜாஸ் பாடத்திட்டத்தை உருவாக்கி நடத்தினார். காதில் ஓயாத இரைச்சல், சத்தமே தாங்காத கோளாறு. அதோடும் வாசித்தார்.

2008இல் 'ராம்பிளிங் பாய்' என்ற ஆல்பம் வந்தது. மனைவி, மகன், ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று மகள்கள் எல்லோரும் பாடியிருக்கிறார்கள். இரண்டு வயதுச் சார்லி வானொலியில் பாடிய பழைய ஒலிப்பதிவும் அதில் இருக்கிறது. கடைசிப் பாட்டைப் பாடுவது எழுபது வயதுச் சார்லி. தன் ஊர்ப் பெயர் வரும் பழைய நாட்டுப்பாடல். மெல்லிய, கொஞ்சம் தடுமாறும் குரல்.

2014 ஜூலை 11 அன்று காலமானார்.

கேட்க விரும்புபவர்கள் பாட் மெதினியோடு அவர் வாசித்த 'பியாண்ட் தி மிசௌரி ஸ்கை' ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் காதில் விழவே விழாது. பேரனிடம் இயர்போனை வாங்கிக்கொள்ளுங்கள்.