கோழிக்குப் பின்புறம் தள்ளினால்

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் சேமநல உத்தியோகத்தர் பேசியது)



இன்றைக்கு லயத்துக்குப் பின்னால் நாம் வளர்க்கிற கோழியைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு கோழி போனால் என்ன என்று சிலர் சிரிக்கலாம். மாசக் கடைசியில் கடைக்கு நாலு முட்டையைக் கொடுத்துச் சீனி வாங்கின வீட்டுக்குத்தான் அது தெரியும்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வெடக்கோழி ஒன்று முட்டையிடத் தொடங்கி ரெண்டு கிழமைதான் இருக்கும். ஒரு நாள் காலையில் பின்புறத்தில் சிவப்பாகச் சதை தொங்க நின்றது. வேலைக்கு நேரமாச்சு, பின்னேரம் பார்ப்போம் என்று போய்விட்டேன். வந்து பார்த்தால் மற்றக் கோழிகள் அந்தச் சதையைக் கொத்தி இழுத்து, அது செத்துக் கிடக்கிறது. சிவப்பாகப் பளபளவென்று எதைக் கண்டாலும் கோழி கொத்தும். அதைக் கூட்டத்தோடு விட்டுப் போனது நான்தான்.

இதற்குரிய வைத்தியத்தை நான் கண்டது நெடுங்கேணியில். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து போன குடும்பங்கள் பலவற்றைக் காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கம் குடியமர்த்தியது உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். என் சித்தி குடும்பமும் அந்தக் காலத்தில் போனதுதான். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, 2009இல் யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்து, மறுபடி நாலு கோழியோடு தொடங்கினார்கள். நான் போயிருந்த நேரம் ஒரு நாள், "ராசா, கோழிக்குக் குடலு தள்ளிருச்சு, ஓடியா!" என்று கூப்பிட்டார்.

குடல் என்று நாம் சொன்னாலும் பெரும்பாலும் அது குடல் இல்லை. முட்டை இறங்கி வருகிற குழாயின் கடைசிப் பகுதி. முட்டை விழும்போது அது கொஞ்சம் வெளியே பிதுங்கி, உடனே உள்ளே போய்விடும். போகாமல் நின்றால்தான் வருத்தம்.

சித்தி முதலில் கோழியைத் தனியாக்கினார். பழைய சேலைத் துண்டால் சிறகைச் சுற்றி என் மடியில் வைத்தார். வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரை ஊற்றி அழுக்கைக் கழுவினார். சவுக்காரம் இல்லை, தைலம் இல்லை. அவை எரியும். பிறகு உள்ளே முட்டை நிற்கிறதா என்று மெல்லத் தடவிப் பார்த்தார். முட்டை இருந்தால் தள்ளக்கூடாது, முதலில் அது உடையாமல் வெளியே வர வேண்டும். சதை வீங்கியிருந்ததால் சீனியைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துத் துணியில் நனைத்துச் சற்று நேரம் வைத்தார். சீனி வீக்கத்துத் தண்ணீரை இழுத்துவிடும், சதை சுருங்கும். நகம் வெட்டிக் கழுவின விரலில் தேங்காய் எண்ணெய் பூசி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, சில நிமிசம் அப்படியே பிடித்தார்.

பிடித்துக்கொண்டே சொன்னார்: "மூணாவது புள்ளைக்குப் பொறகு எனக்கும் இப்பிடித்தான் அடி எறங்குச்சு. வெக்கத்துல ரெண்டு வருசம் யாருக்கும் சொல்லல." நம்ம மலையிலும் அப்படியே கொழுந்துச் சுமை தூக்குகிற தாய்மார் இருக்கிறீங்க. மிட்வைப் மிஸ்ஸிடம் சொல்லுங்க, அதற்கு வைத்தியம் இருக்கிறது. ஆனால் இந்தக் கோழி வைத்தியத்தை யாரும் தனக்குச் செய்து பார்த்துவிடாதீங்க.

மறுநாள் கோழிக்குத் திரும்பவும் தள்ளியது. சித்தி திரும்பவும் கழுவி வைத்தார். ரெண்டு மூணு தரம் அப்படி ஆகலாம். ஒரு கிழமைக்கு மேல் அதை வெளிச்சம் குறைந்த மூலையில், சுத்தமான துணி விரித்த பெட்டியில் வைத்தார். வெளிச்சம் குறைந்தால் முட்டையிடுவது நிற்கும், புண் ஆறும். அங்கே வெக்கைக்கு ஈ மொய்க்கும், புழு வைத்துவிடும். நமக்கு ஈரமும் குளிரும். அதற்காக ராத்திரி முழுக்கக் கூட்டில் பல்பு எரிய விடாதீங்க, அந்த வெளிச்சம் முட்டையிடத் தூண்டும். சாக்கைப் போட்டு மூடினால் போதும், காற்றுப் போக மட்டும் இடம் விடுங்க.

இது ஏன் வருகிறது? உடம்பு வளருமுன் முட்டையிடத் தொடங்கின வெடக்கோழிக்கு வரும். ரெட்டைக் கரு முட்டை மாதிரிப் பெரிய முட்டை இட்டால் வரும். மிஞ்சின சோறும் சோளமுமே தின்று கொழுத்த கோழிக்கும் வரும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தாலும் வரும். ஒரு முட்டை ஓட்டுக்கே ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் போகிறது, ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுத்தான். ஆகவே முட்டை ஓட்டை வறுத்து இடித்துத் தனிச் சிரட்டையில் வையுங்க, வேண்டிய கோழி வேண்டிய அளவு தின்னும். கீரையும் போடுங்க.

சதை கறுத்து, கிழிந்து, நாற்றமடித்தால் கை வைக்காதீங்க. மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்க. அவரும் முடியாது என்றால் கோழியை வதைக்காமல் முடித்துவிடுவதுதான் நல்லது. மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாளைக்கு விலக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்க.

சித்தியின் கோழி மூணு கிழமை முட்டையிடவில்லை. பிறகு சின்ன முட்டையாக ஒன்று போட்டது. அதைப் பேத்தி எடுத்து வந்து எனக்குக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தால், கோழியைப் பயப்படுத்தாமல் பிடிக்கிற விதத்தைக் காட்டித் தருகிறேன். கோழி நான் கொண்டு வருகிறேன், பழைய துணியை நீங்க கொண்டு வாங்க.