காத்திருக்காத பெண்கள்: புதுக்கோட்டையின் சைக்கிள் கதை

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டு, திருத்தப்பட்டுள்ளன.)



நீங்க இதை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே எங்கேயோ போயிட்டு இருக்கலாம். மெட்ரோ, பஸ், ஷேர் ஆட்டோ, இல்ல உங்க சொந்த ஸ்கூட்டர். எங்கே போறீங்கன்னு யார்கிட்டயாவது சொல்லிட்டுத்தான் கிளம்பியிருப்பீங்க. லொகேஷன்கூட ஷேர் பண்ணியிருப்பீங்க. "போய்ச் சேந்ததும் மெசேஜ் போடு"ன்னு வீட்ல ஒருத்தங்க சொல்லியிருப்பாங்க. அக்கறைதான், தப்பே இல்ல. ஆனா ஒரு ஆளு எங்கே போகலாம், எப்போ போகலாம், யாரோட போகலாம்னு முடிவு பண்றதும் பல நேரம் இதே அக்கறைதான். அதனால இன்னைக்கு 'பாதுகாப்பு'ங்கிற வார்த்தையைப் பத்திப் பேசலாம்னு நினைச்சேன். அதுக்கு நாம 1991ஆம் வருஷத்துப் புதுக்கோட்டைக்குப் போகணும்.

புதுக்கோட்டை மாவட்டம் 1974ல உருவாச்சு. அதுக்கு முன்னாடி, 1948 வரைக்கும், தொண்டைமான்கள் ஆண்ட சமஸ்தானம். பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைஞ்சா விவசாயம், இல்லன்னா கல்குவாரி, கூலி வேலை. ஊருக்கும் ஊருக்கும் நடுவுல நீளமா பொட்டல். பல உள்கிராமங்களுக்குப் பஸ் எப்பவாவதுதான் வரும். அந்தப் பஸ் நிக்கிற ரோட்டுக்கு வரவே சில மைல் நடக்கணும்.

இந்த ஊர்ல ஒரு பொண்ணு வெளியே போகணும்னா என்ன செய்வா? காத்திருப்பா. அப்பா, அண்ணன், புருஷன், மகன், யாராவது ஒருத்தர் சைக்கிள்ல கொண்டுபோய் பஸ் ஸ்டாப்ல விடணும். அப்புறம் பஸ்ஸுக்குக் காத்திருக்கணும். வேலை முடிஞ்சதும் பிள்ளைங்களைப் பாக்க, தண்ணி எடுக்க ஓடி வரணும். அதுக்கும் பஸ் வரணும். தனியா ஒரு பொண்ணு ரோட்ல போகாம இருக்கிறதுக்குப் பேரு பாதுகாப்பு. கிட்டப் போய்ப் பார்த்தா அதுல பெரும்பகுதி வெறும் காத்திருப்பு.

சைக்கிள் அங்கே புது விஷயமே இல்ல. வீட்டுத் திண்ணையில சாத்தி வெச்சிருக்கும். பொண்ணுங்க அதுல உக்காந்தும் போயிருக்காங்க, பின்னாடி கேரியர்ல. மிதிக்கிற இடத்துலதான் உக்காந்ததில்ல. எந்தச் சட்டமும் தடுக்கல. 'நம்ம பொண்ணுங்க அப்படிப் பண்ண மாட்டாங்க'ங்கிற ஒரே வாக்கியம் அத்தனை காலமும் போதுமானதா இருந்துச்சு.

எண்பதுகளோட கடைசியில நாடு முழுக்க எழுத்தறிவு இயக்கம் ஆரம்பிச்சது. தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கினது 1988ல. கேரளாவுல எர்ணாகுளம் 1990ல முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமா அறிவிக்கப்பட்டது. அந்த அலை தமிழ்நாட்டுக்கு வந்தப்போ எடுத்துக்கிட்ட பேருதான் அறிவொளி இயக்கம். புதுக்கோட்டையில அப்போ கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத்.

அறிவொளிக்கு முன்னாடி ஒரு நடைமுறைச் சிக்கல் நின்னுச்சு. பாடம் சொல்லித்தர ஆயிரக்கணக்கான தொண்டர்கள் தயாரா இருக்காங்க. படிக்க வேண்டியவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள், அவங்க இருக்கிறது உள்கிராமங்கள்ல. அவங்களைத் தேடிப் போக வேண்டிய பெண் தொண்டர்கள் எப்படிப் போவாங்க? வகுப்பு நடக்கிறது ராத்திரி, கூலி வேலை முடிஞ்ச பிறகு. அந்த நேரத்துல பஸ் ஏது?

அதனால எழுத்தறிவுப் பாடத்தோடவே சைக்கிளும் சேர்ந்துச்சு. 'அ, ஆ' கத்துக்கிறது எவ்வளவு முக்கியமோ, தானா ஒரு இடத்துக்குப் போயிட்டு வர்றதும் அவ்வளவு முக்கியம்னு அந்த நிர்வாகம் நினைச்சது. வெளியே போக முடியாம இருக்கிறதுதான் பெண்களோட தன்னம்பிக்கையை அரிக்குதுங்கிறது கலெக்டரோட கணிப்பு. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுங்கன்னு பேங்குகளை வலியுறுத்தினாங்க. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இதுல ஒரு பொறுப்பு கொடுத்தாங்க. முதல்ல தொண்டர்கள் கத்துக்கிட்டாங்க. தொண்டர் அக்கா சைக்கிள்ல வந்து இறங்கறதைப் பார்த்து, படிக்க வந்த பெண்களும் கேட்க ஆரம்பிச்சாங்க: "எங்களுக்கும் சொல்லித் தாங்க."

அப்புறம் அதைப் பிடிக்க முடியல. விவசாயக் கூலிகள், கல்லுடைக்கிறவங்க, செயற்கை வைரக் கல் பட்டை தீட்டுறவங்க, அங்கன்வாடி ஊழியர்கள், கிராம செவிலியர்கள், டீச்சர்கள்னு எல்லாரும் வந்தாங்க. அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன் எழுதின சைக்கிள் பாட்டு இயக்கத்தோட கீதம் மாதிரியே ஆயிடுச்சு.

கத்துக்கிற காட்சியைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, ஆம்பளைங்க ஓட்டற பார் வெச்ச சைக்கிள்ல ஏறணும். சின்ன வயசுல பாருக்கு அடியில காலை விட்டு குரங்கு பெடல் அடிச்சவங்களுக்குத் தெரியும் அதோட கஷ்டம். லேடீஸ் சைக்கிளுக்குப் பெரிய தட்டுப்பாடு, கடைகள்ல ஸ்டாக் இல்ல. ஆனா சில பெண்கள் வேணும்னேதான் ஜென்ட்ஸ் சைக்கிளைக் கேட்டாங்க. ஏன்னா அந்தப் பார்ல குழந்தையை உக்கார வைக்கலாம். முன்னாடி குழந்தை, பின்னாடி கேரியர்ல தண்ணிக்குடமோ விக்கப்போற சரக்கோ. எந்த டிசைனரும் யோசிக்காத ஒரு ஃபேமிலி வண்டி!

எங்க அத்தை ஒருத்தங்க ஆலங்குடிப் பக்கம், அந்தச் சமயத்துல கத்துக்கிட்டவங்க. "விழுந்தீங்களா?"ன்னு கேட்டேன். "விழாமயா? முட்டியில இன்னும் தழும்பு இருக்கு. ஆனா பத்துப் பேரு சேந்து விழுந்தோம்டா, அதனால சிரிப்புதான் வந்துச்சு"ன்னாங்க.

இந்த 'பத்துப் பேரு சேந்து' ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்த வருஷங்கள்ல புதுக்கோட்டைக்குப் போய் இதைப் பத்தி எழுதினார். 1996ல வந்த அவரோட புத்தகத்துலயும் அது இருக்கு. அவர் தர்ற கணக்கு இது: ஒரு லட்சத்துக்கும் மேல பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அதுல சுமார் 70,000 பேர் பொது இடத்துல நடந்த சைக்கிள் போட்டிகள்ல, காட்சிகள்ல கலந்துக்கிட்டாங்க. பத்து வயசுக்குக் கீழே இருக்கிறவங்களை விட்டுட்டுப் பார்த்தா, அந்த மாவட்டத்துக் கிராமப் பெண்கள்ல கால்வாசிப் பேருக்கு மேல! 1992 மகளிர் தினத்தன்னைக்கு 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பார்ல கொடி கட்டி, மணி அடிச்சுக்கிட்டே புதுக்கோட்டை டவுனுக்குள்ள போனாங்க.

எல்லாரும் கை தட்டினாங்கன்னு நினைச்சுடாதீங்க. கிண்டல் இருந்துச்சு. அசிங்கமான பேச்சு இருந்துச்சு. 'பொம்பளை இப்படி ஊர் சுத்துனா குடும்பம் என்னாகும்'னு கேட்டாங்க. இந்த மாதிரிப் பேச்சு ஒருத்தி தனியாப் போனா அவளை உடைச்சிடும். பத்து வீட்டுக்கு ஒரு பொண்ணு ஓட்டும்போது யாரைப் பாத்துச் சொல்றது? சொல்றவரோட மகளும் அதுல இருக்கா.

இதே புதுக்கோட்டையில 1886ல ஒரு பொண்ணு பிறந்தாங்க, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பையன்கள் மட்டும் படிச்ச மகாராஜா கல்லூரியில சேர அவங்களுக்கு மன்னரோட அனுமதியே தேவைப்பட்டுச்சு. எதிர்ப்பைத் தாண்டிப் படிச்சு, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் போய், 1912ல டாக்டர் ஆனாங்க. 1927ல சென்னை மாகாண சட்ட மேலவைக்குள்ள போனாங்க. எவ்வளவு பெரிய தைரியம்! ஆனா அவங்க ஒருத்தங்க கதவைத் திறந்த பிறகும், பக்கத்து ஊர்ப் பொண்ணு பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டுத்தான் இருந்தா, இன்னொரு எண்பது வருஷம். தனியா ஒருத்தர் எல்லையைத் தாண்டும்போது, "அவங்க வேற மாதிரி"ன்னு சொல்லி ஊர் தப்பிச்சுக்கும். லட்சம் பேர் தாண்டும்போது எல்லை எங்கே இருந்துச்சுன்னே மறந்து போயிடும்.

நாம கேக்கிற 'உன் கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே வா' ரக வீடியோக்கள்ல எனக்கு இருக்கிற பிரச்சினையும் இதுதான். அதுல எப்பவும் ஒரு ஹீரோ, ஒரு பாய்ச்சல். புதுக்கோட்டைப் பெண்கள் பாதுகாப்பைத் தூக்கி எறிஞ்சிட்டுக் குதிக்கல. அடுத்தவங்க கொடுத்த பாதுகாப்பை விட்டாங்க, தங்களுக்குள்ளயே ஒண்ணைக் கட்டிக்கிட்டாங்க. கூடவே ஓடி வர்ற தொண்டர், கடன் கொடுக்கிற பேங்க், பின்னாடி நிக்கிற கலெக்டர் ஆபீஸ், பக்கத்துல விழுந்து எழுந்திருக்கிற ஒன்பது பேர். இதெல்லாம் இருந்ததாலதான் தைரியம் வந்துச்சு.

கதையோட இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். சைக்கிள் எல்லாத்தையும் மாத்திடல. கூலி ஒரே நாள்ல ஏறல. நிலம் கை மாறல. சைக்கிள் வீட்ல ஒண்ணுதான்னா, அது யாருக்குங்கிற சண்டையில பெரும்பாலும் ஆம்பளைதான் ஜெயிப்பார். சாதியும் அப்படியே இருந்துச்சு. தமிழ்நாட்டுல பல கிராமங்கள்ல தலித் மக்கள் ஊர்த்தெருவுல சைக்கிள் ஓட்டிக்கிட்டுப் போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்னு கட்டுப்பாடு இருந்த வரலாறு நமக்குத் தெரியும். அதை யோசிச்சுப் பார்த்தா, ஒரு தலித் பெண் சைக்கிள்ல ஏறும்போது ரெண்டு எல்லைகளை ஒரே நேரத்துல மிதிக்கிறாங்க.

ஆனா மாறினதும் சின்னது இல்ல. காய்கறியோ வேற பொருளோ விக்கிற பெண்கள் ஒரு ஊருக்குப் பதிலா நாலு ஊருக்குப் போக முடிஞ்சது. பஸ்ஸுக்காகப் போன மணிக்கணக்கு கைக்கு வந்துச்சு. அதே காலகட்டத்துல, கொத்தடிமை மாதிரி குவாரியில உழைச்ச பெண்கள் குழுவாச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்து நடத்தினாங்க.

பொண்ணுங்க கையில சைக்கிள் கிடைச்சா என்ன ஆகும்னு பின்னாடி அளந்தும் பாத்திருக்காங்க. பீகார்ல 2006ல, ஒன்பதாம் வகுப்புப் போற மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்கிற திட்டம் வந்தது. அதை ஆராய்ஞ்ச கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ்ங்கிற பொருளாதார அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில சேர்ற பெண்கள் எண்ணிக்கை 32 சதவீதம் கூடினதாச் சொல்றாங்க. நம்ம தமிழ்நாட்டுலயும் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வந்துச்சு. 2021 மே மாசத்துலேர்ந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்கள்ல பெண்களுக்கு இலவசப் பயணம்.

'அதெல்லாம் கிராமத்துக் கதை, நாங்க சிட்டி'ன்னு நினைக்கிறவங்களுக்கு இன்னொரு ஆய்வு. டெல்லி பல்கலைக்கழக மாணவிகள் காலேஜை எப்படித் தேர்ந்தெடுக்கிறாங்கன்னு கிரிஜா போர்க்கர்ங்கிற ஆய்வாளர் பார்த்தாங்க. போற வழி பாதுகாப்பா இருக்கணும்ங்கிறதுக்காக, தரத்துல முதல் 20 சதவீதத்துல இருக்கிற காலேஜை விட்டுட்டு, கீழ்ப்பாதியில இருக்கிற காலேஜுக்குப் போகவும் பெண்கள் தயாரா இருந்தாங்க. மார்க் இருக்கு, சீட்டு கிடைக்கும். வழிதான் பிரச்சினை. அந்தப் பொண்ணோட வீட்ல யாரும் அவளைத் தடுக்கலன்னே வெச்சுக்குவோம். அப்பவும் பாதுகாப்புக்கான விலையை அவதான் கட்டறா. அந்த விலை எந்த மார்க்‌ஷீட்லயும் தெரியாது.

அப்போ நாம என்ன பண்றது? 'தைரியமா இரு'ன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லத் தோணுது. அது ரொம்ப ஈஸியான அட்வைஸ். அதுக்குப் பதிலா கேரியரைப் பிடிங்க. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாத உங்க அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை காலையில அரை மணி நேரம் கொடுங்க. அவங்க பயப்படுவாங்க. 'இந்த வயசுல எதுக்கு, நீ கொண்டுபோய் விட்டா போதாதா'ன்னு கேப்பாங்க. நீங்க கொண்டுபோய் விடுறது அன்புதான். அவங்க நினைச்ச நேரத்துல, உங்ககிட்ட கேக்காம, தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வர்றது வேற. ஆபீஸ்ல லேட் ஷிஃப்ட் வேணாம்னு சொல்ற தோழி இருந்தா, அவளுக்கு ஆர்வமில்லன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி, அவ வீட்டுக்குப் போற வழி எப்படி இருக்குன்னு கேளுங்க. நாலு பேரு சேந்து கேட்டா கம்பெனி கேப் வரும். ஒருத்தி கேட்டா 'உனக்கு மட்டும் என்ன'ம்பாங்க.

எங்க அத்தைக்கு இப்போ அறுபது தாண்டிடுச்சு. சைக்கிளை விட்டுட்டாங்க, மூட்டு வலி. பேத்தியோட ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து போறாங்க. "மறுபடியும் கேரியருக்கே வந்துட்டீங்களே"ன்னு கிண்டல் பண்ணினேன். "ஆமாடா, ஆனா எந்தப் பக்கம் திரும்பணும்னு நான்தானே சொல்றேன்"ன்னாங்க.

உங்க வீட்ல முதல்ல சைக்கிளோ ஸ்கூட்டரோ ஓட்டின பெண் யாரு, அவங்களுக்கு யாரு கத்துக் கொடுத்தாங்கன்னு கேட்டு எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதுல சிலதை வாசிக்கிறேன்.