ஆலைவாயிலோடு நின்றால் போதுமா?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



"கழகம் கூலி கேட்கட்டும், அரசியல் அதற்கு எதற்கு?" என வினவுவோர் உளர். அவரெல்லாரும் முதலாளியரின் ஆட்களல்லர். கட்சிப்பூசல் கழகத்தைப் பிளந்துவிடுமோ என்று நம் தோழர் சிலரும் உளம் நொந்து கேட்கின்றனர். அவர்கட்கு விடையிறுத்தல் நம் கடன்.

வேல்சு நாட்டில் தாபு வேல் தொடர்வண்டித் தொழிலாளர் 1900ஆம் ஆண்டில் வேலையை நிறுத்தினர். குழுமம் வழக்குத் தொடுத்தது. இழப்பைக் கழகமே ஈடுசெய்தல் வேண்டும் என 1901இல் பெருமக்களவை தீர்ப்பளித்தது. 23,000 பவுன் கழகத்தின் தலைமேல் விழுந்தது! அவர்களிடம் ஒற்றுமை இருந்தது. சட்டமோ எதிர்ப்பக்கம் இருந்தது. 1900ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிலாளர் சார்பாளர் குழு வென்ற இடங்கள் இரண்டே. தீர்ப்புக்குப் பின் கழகங்கள் பலவும் அதனோடு இணைந்தன. 1906இல் 29 பேர் வென்றனர். அத்தீர்ப்பை வீழ்த்தும் சட்டம் அவ்வாண்டே பிறந்தது.

சென்னையும் இதனைப் பட்டறிந்தது. 1918 ஏப்பிரலில் தோன்றியது சென்னைத் தொழிலாளர் சங்கம். 1920இல் ஆலைப்பூசல் மூண்டபோது பின்னி முதலாளியர் உயர்முறைமன்றம் சென்று, தலைவர் வாடியா முதலானோர்மீது தடையாணை பெற்றனர். ஆலைவாயிலில் எவ்வளவு முழங்கினும் அவ்வாணை நீங்குமோ? 1921இல் என்.எம். சோசி நடுவண் சட்டமன்றில் கழகங்கட்குக் காப்புவேண்டி முன்மொழிந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

அச்சட்டம் அரசியற் பணிக்கெனத் தனித்தொகை திரட்டவும் இசைந்தது. ஆயினும், அதற்குப் பணம் தருமாறு எவ்வுறுப்பினரையும் வற்புறுத்தல் கூடாதென வரையறுத்தது. அஞ்சும் தோழர்க்கு இதுவே விடை: கழகம் அரசியலில் இறங்கலாம், உறுப்பினரின் உள்ளத்தைக் கட்சிக்கு அடகுவைத்தல் ஆகாது.

அந்தச் சட்டத்தை நீக்கும் தொகுப்புச் சட்டத்தை 2020இல் நாடாளுமன்றம் இயற்றியது. ஓரவை தந்ததைப் பிறிதோரவை மாற்றும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

கூலியை முதலாளி உயர்த்தலாம். கூலி கேட்கும் உரிமையை வரையறுப்பது சட்டம். அரசியலை நாம் விட்டொதுங்கினாலும் அரசியல் நம்மை விட்டொதுங்காது! ஆகவே தோழர்களே, ஆலைவாயிலில் ஒன்றுபட்டு நில்லுங்கள். சட்டம் பிறக்கும் அவையிலும் உங்கள் குரல் ஒலிக்கச் செய்யுங்கள்!