ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

'எமுலேட்டர்' என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு விளையாட்டுப் பெட்டிக்காக எழுதியதை வேறொரு பெட்டியில் ஓட வைக்கும் மென்பொருள் அது. கூடவே நின்று மொழிபெயர்ப்பவர் மாதிரி, ஒரு சிப்புக்கு எழுதிய கட்டளைகளை இன்னொரு சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரவேண்டும், அதுவும் ஆட்டம் நிற்காமல். அதற்கு வேகமான சிப் தேவை. சோனி பிளேஸ்டேஷனின் வேகம் சுமார் 33 மெகாஹெர்ட்ஸ். சேகா ட்ரீம்காஸ்டுக்கு 200.

அமெரிக்காவில் 'ப்ளீம்' என்ற சிறு நிறுவனம் இதைப் பயன்படுத்தி 2001இல் 'ப்ளீம்காஸ்ட்' விற்றது. முதலில் அவர்கள் டிஸ்க்கைப் போட வேண்டும், பிறகு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பிளேஸ்டேஷன் டிஸ்க்கை. 'கிரான் டூரிஸ்மோ 2' அசலைவிடத் தெளிவாகத் தெரிந்தது! இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிஸ்க்குக்குப் பணம் கொடுத்தாகிவிட்டதே.

சோனி விடவில்லை, வழக்குப் போட்டது. விளம்பரத்தில் பிளேஸ்டேஷன் படங்களைக் காட்டியது பற்றிய வழக்கில் 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ப்ளீம் பக்கம்தான் தீர்ப்பளித்தது. ஆனாலும் வக்கீல் செலவு தாங்காமல் 2001இலேயே கடையை மூடிவிட்டார்கள். அதற்குள் வந்தது மூன்றே விளையாட்டுகளுக்கான டிஸ்க்குகள்.

உங்கள் பரணில் அந்தக் காலத்து டிஸ்க் ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.