வாடகை இயந்திரமும் வாய்ச்சொல்லும்



நான் ஐயம்பேட்டைக்காரன். தறிச் சத்தத்தில் வளர்ந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை. கிரேன், ஜெனரேட்டர், கம்ப்ரஸர் இவற்றை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்துக்கு ஆர்டர் பிடித்துத் தருவது என் வேலை. "பட்டுக்குப் பேர் போன ஊர்ல பொறந்துட்டு, கிரேன் வாடகைக்கு அலையுறியேப்பா!" என்று உறவினர்கள் கேலி செய்வதுண்டு.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை வந்தது. இவற்றைச் சுற்றி உதிரிபாக ஆலைகள் பெருகின. ஆலைக்குள் ஒரு இயந்திரத்தை இறக்கி வைப்பது ஒருநாள் வேலை. அதற்காகக் கிரேனை விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகுமா? அங்கேதான் எங்கள் பிழைப்பு.

காலையில் வாலாஜாபாத் வழியாகக் கிளம்பினால், கேட் செக்யூரிட்டி முதல் சைட் இன்ஜினியர் வரை எல்லோரையும் பார்க்க வேண்டும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "வாடகை எவ்ளோ சார்?" நான் திருப்பிக் கேட்பது பல. எத்தனை டன்? எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்? தரை கெட்டியா? டீசல் யார் பொறுப்பு? லாரிச் செலவும் ஆபரேட்டர் பேட்டாவும் யாருடையது? இவற்றை முன்கூட்டியே எழுதி வாங்காவிட்டால் பில் போடும்போது தகராறுதான். லாக் ஷீட்டில் தினமும் கையெழுத்து வாங்காவிட்டால், வண்டி ஓடிய மணிக்குச் சாட்சி கிடையாது.

மாணவர்களே, இரண்டு கணக்குச் சொல்கிறேன். 100 கேவிஏ ஜெனரேட்டர் என்றால் 100 கிலோவாட் அல்ல; பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 80 கிலோவாட்தான். அதேபோல 14 டன் கிரேன், 14 டன்னை மிக அருகில் வைத்துத்தான் தூக்கும். பூம் நீள நீள அதன் சக்தி குறையும். நிறைகுடத்தை இடுப்பில் சுமக்கலாம். கையை நீட்டிப் பிடிக்க முடியுமா?

ஒருமுறை ஒரு வாடிக்கையாளர், "லோடு எட்டு டன்தானே சார், பதினாலு டன் வண்டியே போதும்" என்றார். இறக்க வேண்டிய இடமோ வெகுதூரம் தள்ளி இருந்தது. லோடு சார்ட்டைக் காட்டி, பெரிய கிரேன் வேண்டும் என்றேன். ஆர்டர் வேறிடம் போயிற்று. அந்த மாதம் என் டார்கெட்டும் எட்டவில்லை, இன்சென்டிவும் வரவில்லை. வீட்டில் பள்ளிக் கட்டணம் கட்டும் நேரம் அது! ஆனாலும், கொக்கிக்குக் கீழே நிற்கப் போகிறவன் நானல்ல. எங்கிருந்தோ பிழைக்க வந்த ஒரு தொழிலாளி.

தூக்கும் இயந்திரங்களை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. அந்தச் சான்றிதழ், இயந்திரம் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லும். இந்த வேலைக்கு அது போதுமா என்பதை ஆர்டர் வாங்குகிறவன்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று சேலை வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது. விற்பவர் சொல்லை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். கிரேன் வாடகையிலும் அதே தர்மம்தான். விற்பனை வேலைக்குப் போகும் தம்பி தங்கைகள் இதை மனதில் வையுங்கள்.